ஆதாரம் அறுபத்து மூன்று

சான் எலாதியோ,
மார்ச் 21, சனிக்கிழமை

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை ஃபாபியான் அவர்களுக்கு, மாமனார் ஒரெஸ்தெஸ் எழுதுவது.

இங்கே நானும் உங்கள் மாமியார் நிபியாவும் சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை. அதை நீங்கள் விசாரிக்கும் வழக்கமில்லை என்பதால் விட்டுவிடுகிறேன். மொன்தெவிதேயோவில் நீங்களும் என் மகள் யானினாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று நீங்கள் நினைக்கக்கூடும். போனில் சொன்னால் யானினா நடுவிலேயே சிரித்துவிடுவாள். நிபியா ரிசீவரைப் பிடுங்கி அவளுடைய பாணியில் கதையைச் சொல்லி, என்னை வில்லனாக்கி முடித்துவிடுவாள். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

முதல் விஷயம் நன்றி. கிறிஸ்துமஸுக்கு நீங்கள் கொடுத்த அந்தச் சின்ன போட்டோ பிரிண்டருக்கு மூன்று மாதம் தாமதமாக நன்றி சொல்கிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பெட்டியைப் பிரித்தபோது எனக்கு ஏமாற்றம்தான். நான் வேலிச் செடி வெட்டும் இயந்திரம் வேண்டும் என்று யானினாவிடம் நான்கு முறை ஜாடையாகவும் இரண்டு முறை நேரடியாகவும் சொல்லியிருந்தேன். வந்தது ரொட்டிப் பெட்டி அளவில் ஒரு வெள்ளைச் சாமான். மாப்பிள்ளை நம்மைக் கிண்டல் செய்கிறார் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அதை அட்டைப்பெட்டியிலேயே வைத்து மேலே ரேடியோவைத் தூக்கி வைத்துவிட்டேன். இரண்டு மாதம் ரேடியோவுக்கு நல்ல மேடையாக இருந்தது. அதை வெளியே எடுக்க வைத்தது குடும்பப் பாசம் அல்ல, பக்கத்து வீட்டு பௌஸ்தோவின் நாய்.

பௌஸ்தோவை நீங்கள் கல்யாணத்தில் பார்த்திருக்கிறீர்கள். மாவட்டக் கால்பந்தில் இருபத்தாறு வருஷம் நடுவராக இருந்தவன். உங்கள் மாமா ஆடும்போது காலைத் தட்டிவிட்டாரென்று நடன மேடையிலேயே விசில் ஊதினானே, அவன்தான். மனைவி போன பிறகு தனியாக இருக்கிறான். அவனுக்கு ஒரு கறுப்பு நாய். கழுத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு பட்டை, அதனால் பெயர் கொர்பாத்தா, நம் கழுத்து டைதான். நான் முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் குறித்தவன். நான்கு நாய்கள் என்னைக் கடித்திருக்கின்றன, அதில் இரண்டு ஒரே காலில். எனக்கு நாய்களைப் பற்றிக் கருத்து இருப்பதில் தப்பே இல்லை. டிசம்பரில் தொடங்கிய இந்தக் கோடையில் அந்தக் கொர்பாத்தா தினமும் ஊரே மதியத் தூக்கம் போடுகிற நேரம் பார்த்து வேலிச் செடியின் சந்து வழியாக நுழைந்து என் தக்காளிப் பாத்தியைத் தோண்டியது. என் இடது கால் செருப்பைக் கொண்டுபோனது. தெர்மாஸ் மூடியைக் கொண்டுபோனது. நிபியாவின் துணி கிளிப்புகளில் பதினொன்றைக் கடித்துத் துப்பியது. நான் வேலி ஓரம் நின்று பௌஸ்தோவைக் கூப்பிட்டேன்.

“யோவ் விசிலு! உன் நாயைக் கட்டிப் போடுய்யா!”

“என் நாயா? என் நாய் கட்டிலுக்கடியில தூங்குது மீட்டரு.”

“அப்ப என் தக்காளியத் தோண்டினது யாரு?”

“நீ பாத்தியா? ஆதாரம் இருக்கா? நான் என் வாழ்க்கையில கண்ணால பாக்காத தப்புக்கு விசில் ஊதினதே இல்ல.”

அவன் ஊதியதெல்லாம் பார்க்காத தப்புக்குத்தான் என்று இந்த மாவட்டமே சொல்லும், அது வேறு விஷயம். ஆதாரம் கேட்டான் அல்லவா, நான் தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டு, சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். போனில் படம் எடுத்தேன். தோண்டும்போது, கடிக்கும்போது, காலைத் தூக்கும்போது, என் செருப்பைத் தலையணையாக வைத்துப் படுத்திருக்கும்போது. பிப்ரவரி முடிவதற்குள் அறுபத்து மூன்று படம் சேர்ந்தது. எடுத்துக்கொண்டு நேராக நகராட்சிக்குப் போனேன். புகார்ப் பிரிவில் இல்டா என்ற அம்மாள். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் கண்ணாடியைச் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருப்பாள். நான் போனை நீட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், பிறகு மேசையிலிருந்த ஓட்டை போடும் கருவியை எடுத்துக் காட்டினாள்.

“இதால உங்க போன்ல ரெண்டு ஓட்டை போட்டு ஃபைல்ல கோர்க்கட்டுமா ஐயா?”

“வேண்டாம்மா.”

“அப்ப காகிதத்துல கொண்டாங்க.”

அன்று சாயங்காலம் ரேடியோ கீழே இறங்கியது.

மாப்பிள்ளை, அந்த இயந்திரத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். காகிதத்தை வைத்தேன். போனிலிருந்து படத்தை அனுப்பினேன். அதற்கே முக்கால் மணி நேரம் ஆனது, நடுவில் ஒருமுறை எதிர்வீட்டு டிவியில் கொர்பாத்தா தெரிந்ததாக அந்த வீட்டம்மாள் வந்து சொல்லிவிட்டுப் போனாள். ஒருவழியாக இயந்திரம் உறுமிக் காகிதத்தை உள்ளே இழுத்து வெளியே தள்ளியது. பார்த்தால் முழுக்க மஞ்சள். மஞ்சள் தக்காளி, மஞ்சள் பாத்தி, காமாலை வந்த மாதிரி ஒரு நாய். கெட்டுப்போன சாமானைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்துக் காகிதத்தைப் பிடித்து இழுத்தேன். அது உள்ளே இழுத்தது. நான் வெளியே இழுத்தேன். ‘கிர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வந்தது. நிபியா ஓடிவந்து வழிமுறைப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்தாள்.

“கிழவா, இதுல கொட்டை எழுத்துல போட்டிருக்கு. காகிதம் நாலு தடவை வெளிய வந்து வந்து போகும், கை வெக்காதேன்னு. உனக்காகவே எழுதின மாதிரி இருக்கு.”

மூன்று காகிதம் பாழான பிறகு நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பார்த்தேன். முதல் முறை வெளியே வரும்போது மஞ்சள். இரண்டாம் முறை அதன்மேல் சிவப்பு ஏறி, நாய் வெயிலில் வெந்த மாதிரி இருக்கிறது. மூன்றாம் முறை நீலம் ஏறியதும் இலை பச்சையாகிறது, தக்காளி தக்காளியாகிறது, கறுப்பு கறுப்பாகிறது, கழுத்தில் அந்த வெள்ளைப் பட்டை பளிச்சென்று வந்து நிற்கிறது. நான்காம் முறை ஒரு பளபளப்பு. கையில் எடுத்தால் இளம் சூடு. எனக்கு எழுபத்தொரு வயது. ஒரு நிமிஷத்தில் என் கண் முன்னால் ஒரு மதியம் திரும்ப உண்டாகி வந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. ஊற்றி வைத்த மாத்தே தேநீர் ஆறிப்போனது, நான் உறிஞ்சக்கூட இல்லை. நிபியாவும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு படத்துக்கும் “இப்ப சிவப்பு... இப்ப நீலம்...” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், இயந்திரத்துக்கு ஞாபகப்படுத்துவது போல.

போனில் அந்தப் படங்களை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். விரலால் தள்ளினால் ஓடிப்போய்விடும். காகிதத்தில் ஓடாது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கலாம். பின்பக்கம் எழுதலாம். நான் எழுதினேன். மீட்டர் புத்தகத்தில் எழுதிய பழக்கம்: “பிப்ரவரி 9, பிற்பகல் 2.40, தக்காளி, இரண்டு செடி.” “பிப்ரவரி 11, பிற்பகல் 2.35, துணி கிளிப், ஒன்று, நீலம்.” அறுபத்து மூன்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நிபியா கேட்டாள்.

“ஆமா, அந்தப் போன்ல என் படம் எத்தனை இருக்கு?”

தேடினோம். நான்கு. அதில் ஒன்று, நான் விளைவித்த பூசணிக்காயைப் படம் எடுத்தபோது ஓரத்தில் விழுந்த அவளுடைய முழங்கை.

“நாய்க்கு அறுபத்து மூணு, எனக்கு மூணேகால்,” என்றாள். “நானும் போய்த் தக்காளியத் தோண்டறேன்.”

அவள் சிரித்தபடிதான் சொன்னாள், ஆனால் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை. நான் போனை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வேண்டாம் வேண்டாம் என்றாள், தலையை வாரவில்லை என்றாள், பிறகு அவள் தங்கை கொடுத்த சிவப்புக் கம்மலைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அன்றும் மறுநாளும் வேறு வேலை நடக்கவில்லை. நிபியா மாவு பிசைவது, நிபியா வாசலில், நிபியா கோபமாக, நிபியா கோபமாக இன்னொன்று. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இடமில்லாமல் போய்விட்டது. நாற்பத்தாறு வருஷமாகப் பார்க்கும் முகம். காகிதத்தில் மூன்று நிறமும் ஒவ்வொன்றாக ஏறி அது வந்தபோது, புதிதாக யாரோ வீட்டுக்குள் வருகிற மாதிரி எனக்குக் கொஞ்சம் படபடப்பாகக்கூட இருந்தது. இதை யானினாவிடம் சொல்ல வேண்டாம்.

நாய்ப் படங்களை நகராட்சியில் கொடுத்தேன். இல்டா ஒவ்வொன்றிலும் எண் போட்டு, முன்பக்கமே ஊதா முத்திரையை ஓங்கிக் குத்தினாள். பெரும்பாலும் நாயின் முகத்திலேயே விழுந்தது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்று அப்போது எனக்குப் புரியவில்லை. விசாரணை மார்ச் 12, வியாழக்கிழமை காலை என்றாள்.

வியாழக்கிழமை பௌஸ்தோ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். அந்த வாரம் முழுக்க அவன் சத்தமே இல்லை, நாயும் வரவில்லை. புகாருக்குப் பயந்து கட்டிப் போட்டிருக்கிறான் என்று நான் வெற்றிக் களிப்பில் இருந்தேன். இல்டா படங்களை மேசையில் வரிசை வரிசையாக அடுக்கி, “இதுல ஏதாவது ஆட்சேபணை உண்டா?” என்று கேட்டாள். சண்டைக்குத் தயாராக நான் நாற்காலியின் நுனிக்கு வந்தேன். பௌஸ்தோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். குனிந்து முதல் படத்திலிருந்து ஆரம்பித்தான். ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் பார்த்தான். இரண்டாவது வரிசையில் ஒன்றின்மேல் விரலை வைத்தான்.

“இதுல வாலு நல்லா விழுந்திருக்கு,” என்றான்.

இல்டா என்னைப் பார்த்தாள். நான் இல்டாவைப் பார்த்தேன்.

“அம்மா, இதுல ஒண்ணு மட்டும் நான் எடுத்துக்கவா?”

“எதுக்கு ஐயா?”

“திங்கக்கிழமை செத்துப்போச்சும்மா. பதினாலு வயசு. தூக்கத்துலயே போயிடுச்சு. என் போன்ல கேமரா கிடையாது, எங்கிட்ட ஒரு படம்கூட இல்ல.”

மாப்பிள்ளை, இல்டா கண்ணாடியைக் கழற்றி, திரும்பப் போட்டு, எண் போட்டு முத்திரை வைத்த ஆவணத்தை வெளியே கொடுக்க விதியில் இடமில்லை என்றாள். நான் எழுந்து, புகாரையே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். வாபஸ் வாங்கினால் வாபஸான ஃபைலாக மேல்மாடிக்குப் போய்விடும், ஐந்து வருஷம் கழித்து மனுப் போட்டு வாங்கலாம் என்றாள். “அஞ்சு வருஷமா?” என்றான் பௌஸ்தோ. யாரிடமும் கோபிக்காமல், தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். இருவரும் ஒரே தெருவில் வீட்டுக்கு நடந்தோம். நான் நிழல் ஓரம், அவன் வெயில் ஓரம். பல வருஷமாக அப்படித்தான் நடக்கிறோம். அன்று நிழலில் நடப்பது எனக்கு என்னவோ போல இருந்தது, ஆனால் தெருவைக் கடக்கத் தெரியவில்லை.

படங்கள் போனில் இருக்கின்றனவே, திரும்பப் பிரிண்ட் போடலாம் என்று வீட்டுக்கு வந்து பார்த்தால், நிபியாவை எடுத்த வேகத்தில் காகிதம் தீர்ந்துபோய்ப் பதினொன்றுதான் பாக்கி. அறுபத்து மூன்றில் பதினொன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இருவரும் போனை நடுவில் வைத்து உட்கார்ந்தோம். எல்லாமே குற்றச் சம்பவங்கள்.

“ஏன் கிழவா, அந்த மனுஷனுக்கு இதையா குடுப்ப? செத்துப்போன நாய் உன் செருப்புல ஒண்ணுக்குப் போற படத்தையா?”

“முகம் நல்லாத் தெரியுதே.”

“முகத்தத் தவிர மத்ததும் நல்லாத் தெரியுது.”

தள்ளிக்கொண்டே போனோம். நாற்பதாவதோ என்னவோ, நிபியா விரலை நிறுத்தினாள். கொர்பாத்தா நேராக நம்மைப் பார்க்கிறது. காது இரண்டும் தூக்கி, வாய் லேசாகத் திறந்து, சிரிப்பு மாதிரி. அறுபத்து மூன்றிலும் அதுதான் நல்ல படம். அதன் மூக்குக்கு முன்னால் ஒரு கை.

“இது யாரு கை?”

“எது?”

“இந்தக் கை. உன் வாட்ச் கட்டியிருக்கிற கை.”

“அது... ஆதாரத்துக்காக. அசையாம நிக்கணும்ல. ஆடினா படம் மங்கிப் போகுது.”

“ஆதாரத்துக்குச் சீஸா?”

இதற்கு மேல் மறைத்துப் பயனில்லை என்பதால் உங்களுக்கும் எழுதிவிடுகிறேன். ஜனவரி கடைசியிலிருந்து நான் அதற்குச் சீஸ் கொடுத்துவந்தேன். முதலில் ஓரத்துண்டு மட்டும். பிறகு நல்ல துண்டே. அதற்கு முன்னால் அது வாரத்தில் ஒருநாள், இரண்டுநாள்தான் வந்தது. சீஸ் ஆரம்பித்த பிறகுதான் தினமும் சரியாக இரண்டரைக்கு வந்தது. வரவில்லையென்றால் நான் ஜன்னலைத் திறந்து இருமுவேன். நிபியா போனை என் பக்கம் தள்ளினாள். “பிரிண்ட் போடு,” என்றாள். போட்டேன். மஞ்சள் நாய், சிவப்பு நாய், பிறகு அது. இந்தத் தடவை அவள் நிறங்களைச் சொல்லவில்லை.

பதினொன்றையும் உறையில் போட்டுக்கொண்டு, ஆறு வருஷத்தில் முதல் முறையாக பௌஸ்தோ வீட்டு வாசல் மணியை அடித்தேன். பனியனோடு வந்து கதவைத் திறந்தான். வீட்டுக்குள் ஒரு பாத்திரம்கூடச் சத்தம் போடவில்லை. நான் உறையை நீட்டினேன். சமையலறை மேசையில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். பிறகு ஒன்றைத் திருப்பினான். பழக்க தோஷத்தில் இவற்றின் பின்னாலும் எழுதித் தொலைத்திருந்தேன்.

“பிப்ரவரி ஒம்பது, ரெண்டு நாப்பது, தக்காளி, ரெண்டு செடி,” என்று சத்தமாகப் படித்தான். அடுத்ததைத் திருப்பினான். “பிப்ரவரி பதினேழு, ரெண்டு முப்பத்தஞ்சு, குழி, ஒரு ஜாண் ஆழம்.” சிரிக்க ஆரம்பித்தான். புரையேறும் வரை சிரித்தான். சிரிப்பு நின்ற இடத்தில் அழ ஆரம்பித்தான். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காலண்டரைப் பார்த்தேன்.

“நான் தூங்கினதும் எழுந்து வந்திருக்கு பாரு திருட்டுப் பய,” என்றான். “கட்டிலுக்கடியிலதான் கிடக்குன்னு நெனச்சிட்டிருந்தேன். அதுக்கும் ஒரு பொழுதுபோக்கு இருந்திருக்கு.”

கடைசியாக அந்தப் படம் வந்தது. வெகுநேரம் பார்த்தான்.

“கை யாரோடது?”

“என்னோடதுதான். சீஸ் குடுத்தேன். தினமும் குடுத்தேன்.”

“டாக்டர் அதுக்குச் சீஸே கூடாதுன்னு சொல்லியிருந்தாரு.”

முப்பத்தோரு வருஷ வேலையில் நாய்க்கடி பட்ட நான்கு தடவையும் எனக்கு அப்படி வலித்ததில்லை, மாப்பிள்ளை. பௌஸ்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“பயப்படாத மீட்டரு. நானும் சாப்பாட்டுக்கப்புறம் தினம் ஒரு துண்டு குடுப்பேன். எடை ஏன் குறையவே மாட்டேங்குதுன்னு டாக்டர் மண்டைய ஒடச்சுக்கிட்டாரு.” பிறகு தண்ணீரைச் சூடுபண்ணி மாத்தே ஊற்றி முதல் வாய் அவன் குடித்துவிட்டு, உறிஞ்சும் குழலை என் பக்கம் திருப்பினான். ஒரு தெர்மாஸ் காலியாகும் வரை உட்கார்ந்திருந்தோம். அந்தப் படத்தைப் பழைய நடுவர் சான்றிதழ் இருந்த சட்டத்தைக் கழற்றி அதில் போட்டு மாட்டினான். சான்றிதழ் பின்னால் போய்விட்டது.

ஆகவே மாப்பிள்ளை, நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இனி இந்த இயந்திரம் குடும்பப் படங்களுக்கு மட்டும். புகார், ஆதாரம், நகராட்சி எல்லாவற்றுக்கும் ஒரு கும்பிடு. இந்த வயதில் மனிதர்களைச் சும்மா பார்ப்பதற்காகவே படம் எடுக்க வேண்டும் என்று எனக்குப் புத்தி வந்துவிட்டது. இத்துடன் நிபியாவின் படம் மூன்று வைத்திருக்கிறேன். கம்மல் போட்டிருப்பதை யானினா எடுத்துக்கொள்ளட்டும். கோபமாக இருப்பது உங்களுக்கு, எதற்கும் வீட்டில் இருக்கட்டும். இந்த ஊர்க் கடையில் இந்தக் காகிதம் கிடைக்கவில்லை. சிரமம் பார்க்காமல் ஒரே ஒரு பெட்டி வாங்கி பஸ்ஸில் போட்டு அனுப்பினால் போதும். அவசரமில்லை.

வேலிச் செடி வெட்டும் இயந்திரம் இனி வேண்டாம். நீங்கள் கொடுத்ததே நல்ல சாமான். நீங்கள் கையில் எடுக்கும் காரியமெல்லாம் நன்றாக நடக்கட்டும், வீட்டில் சிரிப்பு குறையாமல் இருக்கட்டும். யானினாவுக்கு எங்கள் முத்தங்கள். உங்களுக்கு என் கைகுலுக்கல், பழையதைவிடக் கொஞ்சம் அழுத்தமாக.

அன்புடன் மாமனார்,
ஒரெஸ்தெஸ் சில்வேரா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கூச்சல். இரண்டு வாரமாகச் சத்தமே போடாத பௌஸ்தோ, பூதக்கண்ணாடியும் கையுமாக நிற்கிறான். நான் கொடுத்த படங்களில் ஒன்றில், நாயின் வாலுக்குப் பின்னால், செடிக்குள் மறைந்துபோன பழைய எல்லைக்கல் தெரிகிறதாம். அதன்படி பார்த்தால், எங்கள் வீட்டு இறைச்சி சுடும் செங்கல் அடுப்பு ஒன்றரைச் சாண் அவன் நிலத்தில் இருக்கிறதாம். “தேதி, நேரம், கையெழுத்து எல்லாம் உன்னோடது மீட்டரு! திங்கக்கிழமை இல்டாவப் பாக்கறேன்!” என்று தெருவே கேட்கக் கத்துகிறான். “அப்பாடா, மனுஷனுக்குத் தொண்டை திரும்பிடுச்சு,” என்கிறாள் நிபியா. நான் ஏணி போட்டு ஏறி, எங்கள் பக்கம் ஒழுகும் அவன் வீட்டுக் கூரைத் தகரத்தை இதுவரை பதினான்கு படம் எடுத்துவிட்டேன். வெளிச்சம் அருமையாக இருக்கிறது. எனவே ஒரு பெட்டி போதாது, மூன்று அனுப்புங்கள், அவசரம். அதில் ஒன்று பௌஸ்தோவுக்கு. நேற்றுதான் கேமரா வைத்த போன் வாங்கியிருக்கிறான், பிரிண்ட் போட எங்கள் வீட்டுக்குத்தான் வரவேண்டும்.